முனையில்லாத கத்தி

செப்டம்பர் 12

அன்புள்ள அளவுகோலுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரண்டுக்கும் பொய் சொல்லாமல் பதில் எழுது.

எனக்கு ஒரு கத்தி வேண்டும். போன வாரம் ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அங்கே டிவியில் ஒரு பெண், ஜப்பான்காரர்கள் காய் நறுக்கும் கத்தி என்று ஒன்றைக் காட்டினாள். நீள்சதுரமாக இருந்தது, முனையே இல்லை. மணிக்கட்டை ஆட்டாமல் மேலிருந்து நேராக அழுத்தினாள், முட்டைக்கோஸ் நூல் நூலாக விழுந்தது. நீ கத்திக் கடையில் வேலை பார்ப்பதில் எனக்கு என்ன பிரயோஜனம்? ஒன்று பார்த்து அனுப்பு.

இங்கே இருந்த மூன்று கத்தியையும் என் பிள்ளை, உன் அருமை மருமகன், எடுத்துப் போய்விட்டான். ஒரு நாள் விரலில் கொஞ்சம் பட்டுவிட்டது, அதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு போய்விட வேண்டுமாம். மல்லுக்கு நின்று மார்ச் வரை தவணை வாங்கியிருக்கிறேன். மார்ச் முதல் ஞாயிறு வருவான். யார் உதவியும் இல்லாமல் நானே நறுக்கி, நானே சமைத்து அவனுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும். போட்டால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் தையல் மெஷின், என் வாடிக்கைக்காரர்கள், என் ஜன்னல் எல்லாம் இங்கே இருக்கின்றன. அங்கே எனக்குக் கூடத்தில் ஒரு கட்டிலும், நாள் முழுக்க "அம்மா, நீங்க உக்காருங்க"வும்தான்.

முனையில்லாத கத்தி என்றால் அவனாலும் ஒன்றும் சொல்ல முடியாது. சீக்கிரம் அனுப்பு. போன் செய்யாதே, அது சரியில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

அன்புடன்
அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. சாப்பாடு வேளைக்கு இல்லை, ஆனால் உண்டு. உன் உடம்பு எப்படி? முன்பெல்லாம் முழங்கால் வலிக்கே ஒரு பக்கம் எழுதுவாய். இப்போது நலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

பேனாவையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது எழுத்து. உன் கையெழுத்தைக் காட்டித்தானே என்னைப் பள்ளிக்கூடத்தில் குட்டினார்கள்? போன் சரியில்லை என்றாயே என்று மருமகனைக் கூப்பிட்டேன். "லெட்டரே போடுங்க மாமா, அம்மாவுக்கு அதுதான் பிடிக்குது" என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டான். அவன் எப்போதும் இப்படித்தானா? முப்பது வருஷமாக அடுப்படியில் நின்றவளுக்குச் சமையல் பரீட்சை வைக்க அவனுக்கு என்ன துணிச்சல்?

கத்தி விஷயம் அப்படிச் சட்டென்று முடிகிற காரியம் இல்லை. நீ டிவியில் பார்த்தது நகிரி. அதிலேயே எங்கள் கடையில் பதினான்கு வகை இருக்கிறது. உன் சாண் நீளம் எவ்வளவு என்று அளந்து எழுது. நறுக்கும் பலகை மரமா பிளாஸ்டிக்கா? கூர் அதிகம் நிற்கிற எஃகு துருப்பிடிக்கும், நறுக்கி முடித்த கையோடு துடைத்து வைப்பாயா, இல்லை தொட்டியில் போட்டுவிட்டுப் போவாயா? கனமாக வேண்டுமா லேசாக வேண்டுமா? நாளுக்கு எவ்வளவு காய்? வலது கையா இடது கையா என்றும் கடையில் எல்லோரிடமும் கேட்போம். உன்னைக் கேட்க வேண்டியதில்லை, வலது என்று நானே எழுதிக்கொண்டேன். மற்றதற்கெல்லாம் பதில் வந்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும்.

உன் தம்பி


அக்டோபர் 19

அளவுகோலுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கத்தி கேட்டால் பரீட்சைத் தாள் அனுப்புகிறாய். சாண் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பலகை மரம். துடைத்து வைப்பேன். லேசாகத்தான் வேண்டும், கனமானது வேண்டவே வேண்டாம். காய் ஒரு ஆளுக்கு. இதற்கு மேல் கேட்க ஒன்றும் மிச்சமில்லை, மற்றதெல்லாம் நீயே எழுதிக்கொண்டுவிட்டாய்.

இப்போதைக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் காலையில் டியூட்டிக்குப் போகுமுன் காய் நறுக்கி வைத்துவிட்டுப் போகிறாள். நல்ல பெண்தான். ஆனால் உருளைக்கிழங்கைப் பம்பரம் பம்பரமாக வெட்டுகிறாள். அடுத்தவர் நறுக்கின காயைப் பார்த்து இன்றைக்கு என்ன சமைப்பது என்று தீர்மானிப்பது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, அவள் உபகாரமாகச் செய்கிறாள்.

தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். கண் வலிக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கண் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? ஊசியில் நூல் கோக்க உனக்குக் கண்ணாடியே வேண்டாமே, இது எப்போதிருந்து?

இங்கே உனக்காக நான் படும் பாட்டைக் கேள். இதுவரை பதினொரு முட்டைக்கோஸ் வெட்டிப் பார்த்துவிட்டேன். கடைச் சாணைக்காரர் என்னைக் கண்டாலே முட்டைக்கோஸ் வாசனை வருகிறது என்கிறார். பதினான்கில் பன்னிரண்டைத் தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று நகிரி, இரண்டு பக்கமும் சாணை பிடித்தது, வீட்டுக்குப் போதும். இன்னொன்று உசுபா. ஒரே பக்கம் சாணை, மறுபக்கம் கண்ணாடி மாதிரி மட்டம். பெரிய சமையற்காரர்கள் வைத்திருப்பது. சாணைக்காரர், "வீட்டுக்குத்தானே, நகிரியே போதும்யா" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என் அக்காவுக்கு அனுப்புவது கடையிலேயே உசத்தியாக இருக்க வேண்டாமா?

காரட்டை நீ வட்டமாக நறுக்குவாயா, நீளவாக்கிலா? இதற்கு மட்டும் பதில் எழுது. முடிவு செய்துவிடுகிறேன்.

உன் தம்பி


நவம்பர் 27

அளவுகோலுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

செப்டம்பரில் கேட்டேன். டிசம்பர் வரப்போகிறது. நீ காரட்டைப் பற்றி எழுதுகிறாய். பத்தாம் வகுப்பில் உனக்குச் செருப்பு வாங்க அப்பா நாலு கடை ஏறி இறங்கினார். நீ அளந்து அளந்து பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய செருப்போடு திரும்பி வந்தாய். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

எனக்குப் பழகிக்கொள்ள நாள் வேண்டும். புதுக் கத்தியைக் கையில் வாங்கிய அன்றைக்கே நறுக்கிவிட முடியாது. வட்டமோ நீளமோ சதுரமோ, எதையாவது அனுப்பித் தொலை.

அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ கோபமாக எழுதினால் நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கத்தி அனுப்பிவிட்டேன். உசுபாதான். வலது பக்கம் மட்டும் சரிவாகச் சாணை பிடித்திருக்கும். கைப்பிடியின் வலது பக்கத்தில் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள், விரல் மடியும் இடத்தில் சரியாக உட்காரும். உன் சாணுக்குக் கணக்குப் பார்த்து எடுத்தது. சாணைக்காரர் ஒரு முழு மதியம் உட்கார்ந்து தீட்டினார். காகிதத்தைக் காட்டினால் போதும், தானாகப் பிளந்து விழுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் தெருவில் இப்படி ஒரு கத்தி கிடையாது.

மார்ச் முதல் ஞாயிறன்று மருமகன் வாயைப் பிளந்துகொண்டு சாப்பிடட்டும். எப்படி நறுக்குகிறது என்று உடனே எழுது.

உன் தம்பி


ஜனவரி 9

அளவுகோலுக்கு,

நலம். கத்தி வந்தது. பதினெட்டு நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். இனி முடியாது.

நேராக இறங்கவே மாட்டேன் என்கிறது. நான் ஒரு பக்கம் அழுத்தினால் அது இன்னொரு பக்கம் போகிறது. காரட் வட்டம் மேலே தடியாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் வருகிறது. வெட்டின துண்டு கத்தியிலேயே அப்பிக்கொள்கிறது. நீ பீற்றிக்கொண்ட அந்த மேடு உள்ளங்கையில் குத்திக் குத்திச் சிவந்துவிட்டது. முந்தாநாள் உருளைக்கிழங்கு உருண்டு ஓடியது, கத்தி பலகையில் இறங்கியது. நல்ல வேளை, விரல் தப்பியது. நர்ஸ் பார்த்துவிட்டு, "ஏன்மா இந்த வேலை, நான்தான் நறுக்கித் தர்றேனே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னை அழவைத்த பெருமை உன் உசத்தியான கத்திக்குத்தான்.

தொட்டியில் எறியாமல் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். மார்ச்சில் என் பெட்டியையும் கட்ட வேண்டியதுதான். யார் யாரோ வந்து கத்தி வாங்கிப் போகிறார்களே, எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்கிறாயா?

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

நலம் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எப்படி இருக்கும்?

ஒன்பது வருஷமாகக் கத்தி விற்கிறேன். ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. நீ எழுதினது மாதிரி வெட்டவே வெட்டாது. காரட் கோணலாகப் போவது உண்டு, பழகாத கைக்குப் போகும். ஆனால் மேலே மெலிசாகவும் கீழே தடியாகவும்தான் வரும். நீ எழுதியிருப்பது தலைகீழ். அந்த மேடும் உள்ளங்கைப் பக்கமே வராது. நீ என்னவோ செய்து கத்தியைக் கெடுத்திருக்கிறாய். நாளைக்கு அதே கத்தியில் இன்னொன்றை எடுத்து, நீ செய்த தப்பு என்ன என்று கண்டுபிடித்து எழுதுகிறேன். அதுவரை கடிதத்தை மூடவில்லை.

மறுநாள் எழுதுகிறேன். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். மழுங்கவைத்து வெட்டினேன். சாய்த்து வெட்டினேன். கண்ணாடித் தட்டில் வைத்து வெட்டினேன். எதிலும் நீ சொன்ன மாதிரி வரவில்லை. சாணைக்காரர் டீ கொடுத்தார், வலது கையில் வாங்கிக்கொண்டு சும்மா இடது கையால் ஒரு வெட்டு வெட்டினேன்.

மேலே தடி, கீழே ஒன்றுமில்லை. துண்டு கத்தியில் அப்பிக்கொண்டது. மேடு உள்ளங்கையில் குத்தியது.

அதற்கப்புறம் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா, நீ எந்தக் கையால் எழுதுகிறாய்?

தம்பி


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பதினெட்டு நாளாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மருமகனைக் கூப்பிட்டேன். "அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க மாமா, நான் சொல்லமாட்டேன்" என்றான். அதிலேயே பாதி சொல்லிவிட்டான்.

இன்று நகிரி ஒன்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சாணை, எட்டுப் பட்டைக் கைப்பிடி, எந்தக் கைக்கும் ஆகும். கடையில் இருப்பதிலேயே லேசானது. செப்டம்பரிலேயே இதை அனுப்பியிருக்கலாம். என் பவிசு கெடுத்தது.

லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 16

என் தம்பிக்கு,

இந்த முறை நலம் என்று எழுதப் போவதில்லை. எழுதி எழுதிச் சலித்துவிட்டது.

ஜூலையில் ஒரு காலை. ஒரு சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், கை வரவில்லை. நர்ஸ்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். பக்கவாதம். கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை காயை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். பேச்சு குழறியது, அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். இப்போது பேச்சு தேவலை, திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. டிவி பார்த்தது கைப்பயிற்சிக்குக் காத்திருந்த இடத்தில்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அத்தான் போனபோது வேலையை உதறிவிட்டு வந்தாய். இரண்டு வருஷம் இந்தக் கூடத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுபடி ஒரு வேலை கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். திரும்பவும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நீ எழுதினதைப் பார்த்தாயா? இதற்குத்தான் சொல்லவில்லை. வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன்.

கத்தரிக்கு இடது வலது உண்டு என்று இத்தனை வருஷம் அதைப் பிடித்த எனக்குத் தெரியும். கத்திக்கும் உண்டு என்று தெரியாமல் போயிற்று. நீ கேட்டாய்தான், வழக்கமான நச்சரிப்பு என்று நினைத்துவிட்டேன். அதுவும் நீயே வலது என்று எழுதியிருந்தாய். அதை வாசிக்க நன்றாக இருந்தது. அடித்துத் திருத்த மனசு வரவில்லை.

ஏழு மாதமாக இடது கையோடு சண்டை. பல் தேய்க்க, பொத்தான் போட, தலை வார, எல்லாவற்றுக்கும் சண்டை. எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. ஒரு காயையாவது நான் நினைத்த மாதிரி நறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

லீவை ரத்து செய்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இது இடது கையால் எழுதுவது. இந்தப் பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, மூன்று தாள் கிழித்தேன். கோழி கிளறினது என்று சொன்னேனே, என் வாயில் மண்ணைப் போடு. இந்தக் கையால் நீ இத்தனை பக்கம் என்னைத் திட்டியிருக்கிறாய்.

லீவை ரத்து செய்துவிட்டேன். தனியே ஒரு பலகை அனுப்பியிருக்கிறேன். துருப்பிடிக்காத ஆணி இரண்டு கீழிருந்து அடித்திருக்கிறது. காயை அதில் குத்தி நிறுத்து, உருளாது. வலது கையை மேலே சும்மா வைத்துக்கொள். கத்தியை நேராக அழுத்து.

கை வலிக்கிறது.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள அளவுகோலுக்கு,

அக்கா எழுதுவது. இன்றைக்கு எப்படி இருக்கிறேன் என்றால், தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலிக்கிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி தேவலை. உன் கை வலி போயிற்றா?

நேற்று ஞாயிறு. காலை ஆறரைக்கு நறுக்க உட்கார்ந்தேன். முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு. ஒரு ஆள் காய் நறுக்க இரண்டே முக்கால் மணி நேரம். பலகை நல்ல பலகை. கத்தி சொன்ன இடத்தில் இறங்கியது. முட்டைக்கோஸ் நூலாக விழவில்லை, கயிறு மாதிரி விழுந்தது. ஆனால் மேலும் கீழும் ஒரே தடிமன்.

உன் மருமகன் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டான். அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, நான் பாத்திரத்தைத் தூக்கினால் ஒரு அடி முன்னால் வருவதும், வைத்தால் பின்னால் போவதுமாக இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ போய் உக்காருடா" என்றேன். போய் உட்கார்ந்தான்.

ஒன்றரைக்குச் சோறு போட்டேன். உப்பு கம்மி. இருந்தும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். பிறகு தன் பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றின பொட்டலத்தை எடுத்து, எங்கள் பழைய கத்தி மூன்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அப்படியென்றால் வரும்போதே கொண்டுவந்திருக்கிறான். நான் தேறிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். அதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? ஆறு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தான். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. அவன் போன பிறகு நர்ஸிடம் ஒரு மணி நேரம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று கத்தியும் மழுங்கிக் கிடக்கிறது. லீவு தானாகக் கிடைக்கும்போது வந்து தீட்டிக் கொடு. என்னைப் பார்க்க என்று வராதே, கத்தி தீட்ட வா.

இன்று காலை மெஷின் உறையை எடுத்துத் தூசி தட்டினேன். துணி வெட்ட ஒரு கத்தரி வேண்டும். கடையில் இருப்பதில் ஒன்று பார்த்து அனுப்பு, பரீட்சைத் தாள் அனுப்பாதே. எட்டு அங்குலம், லேசானது. இடது கைக்கு. இந்த முறை நானே எழுதிவிட்டேன்.

அன்புடன்
அக்கா